எஞ்சிய தொண்ணூற்றிரண்டு நிமிடங்கள்

1936 பிப்ரவரி 21 அன்று லண்டன் லெஸ்டர் சதுக்கத்துத் திரையரங்கில் ‘திங்ஸ் டு கம்’ படம் முதன்முதலாகத் திரையிடப்பட்டபோது அதன் நீளம் 108 நிமிடத்துக்குச் சற்றே கூடுதல். தணிக்கைக்குப் போன பிரதி அதைவிட நீளம், 117 நிமிடம். அதற்கும் முன்னால் எல்லாக் காட்சிகளையும் கோத்துப் பார்த்த முதல் வடிவம் ஏறத்தாழ 130 நிமிடம் ஓடியது. அமெரிக்கா போய்ச் சேர்ந்தபோது 96 ஆகச் சுருங்கியது. ஆண்டு முடிவதற்குள் பிரிட்டனிலேயே 98 நிமிடப் பிரதிதான் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தது. 1943இல் மறுவெளியீட்டுக்காக அதையும் 72 நிமிடமாக நறுக்கினார்கள். இன்று நல்ல நிலையில் நம் கைக்கு வருவது 92 நிமிடமும் சில நொடிகளும்.

வீட்டில் பார்ப்பதற்கான வட்டாக இந்தப் படத்தைப் புதுப்பித்துத் தர முன்வருபவர் முதலில் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இங்கேதான் இருக்கிறது. கீறலும் தூசியும் பிறகு. எந்தப் படத்தைப் புதுப்பிக்கப் போகிறோம்? எழுத்தாளர் வெல்ஸ் எழுதியதையா, தயாரிப்பாளர் கோர்டா வெட்டியதையா, லண்டன் ரசிகர் முதல் நாள் பார்த்ததையா, தற்செயலாகப் பிழைத்துக் கிடப்பதையா? கடந்த இருபது ஆண்டுகளில் வெளிவந்த வட்டுகள் இதற்கு வெவ்வேறு பதில்களைத் தந்திருக்கின்றன. அவற்றில் ஒன்றுதான் நேர்மையான பதில் என்பது என் கருத்து. அதற்கு வருவதற்கு முன் படத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

எச். ஜி. வெல்ஸ் 1933இல் வெளியிட்ட ‘தி ஷேப் ஆஃப் திங்ஸ் டு கம்’ ஒரு கதைப் புத்தகம் அல்ல, எதிர்காலத்தின் வரலாற்றுப் பாடநூல் போல எழுதப்பட்டது. அதைப் படமாக்கலாம் என்று துணிந்தவர் தயாரிப்பாளர் அலெக்சாண்டர் கோர்டா. திரைக்கதையை வெல்ஸே எழுதினார். இயக்கம் அமெரிக்கக் கலை இயக்குநர் வில்லியம் கேமரூன் மென்ஸீஸ், ஒளிப்பதிவு ஜார்ஜ் பெரினால், அரங்கம் கோர்டாவின் தம்பி வின்சென்ட், தந்திரக் காட்சிகள் நெட் மான், இசை ஆர்தர் பிளிஸ். ‘எவ்ரிடவுன்’ என்ற ஊரில் 1940 கிறிஸ்துமஸ் இரவில் போர் வெடிக்கிறது. போர் பல பத்தாண்டுகள் இழுக்கிறது. கொள்ளைநோய் வருகிறது. இடிபாடுகளுக்கு நடுவே ஒரு குட்டிச் சர்வாதிகாரி தலையெடுக்கிறான். ரால்ஃப் ரிச்சர்ட்சன் அந்த வேடத்தில் படத்தையே தன் பக்கம் இழுத்துக்கொள்கிறார். பிறகு பாஸ்ராவிலிருந்து விமானங்களில் வந்திறங்கும் விஞ்ஞானிகள் உலகத்தைத் திருத்தி அமைக்கிறார்கள். 2036இல் நிலவை நோக்கி ஒரு பீரங்கியிலிருந்து மனிதர்களை ஏவுவதோடு கதை முடிகிறது.

வசனங்கள் பல இடங்களில் பிரசங்கம்தான். அதை மறைப்பதற்கில்லை. ஆனால் முதல் பத்து நிமிடத்தில் கிறிஸ்துமஸ் கடைத்தெருவின் கும்மாளத்துக்கு நடுவே போர் அறிவிப்புத் தட்டிகளைச் செருகிச் செருகிக் காட்டும் விதமும், அதைத் தொடர்ந்து வரும் குண்டுவீச்சும், நாலே ஆண்டுகளில் லண்டன் தன் தலைமேல் வாங்கிக்கொண்டதை முன்கூட்டியே எடுத்துக்காட்டின. அந்தக் காட்சிகளுக்காகவே இந்தப் படம் காப்பாற்றப்பட வேண்டியது.

வெட்டுப்பட்டவை என்னென்ன? நடிகை மார்கரெட்டா ஸ்காட்டின் பெயருக்கு எதிரே நடிகர் பட்டியல்களில் இரண்டு பாத்திரங்கள் இருக்கும்: ரொக்ஸானா, ரொவேனா. முதலாமவள் சர்வாதிகாரியின் துணைவி, படத்தில் நன்றாகவே தெரிகிறாள். இரண்டாமவள் 2036இல் வாழ்பவள். படத்தை எத்தனை முறை ஓட்டினாலும் அவள் வர மாட்டாள், கத்தரிக்குப் போய்விட்டாள். ரேமண்ட் மாஸி ஜான் கேபலாகவும் அவருடைய வழித்தோன்றல் ஆஸ்வால்ட் கேபலாகவும் நடிக்கிறார். எட்வர்ட் சாப்மனுக்கும் அப்படியே இரட்டை வேடம். ஒரே முகங்கள் நூறு ஆண்டு கழித்துத் திரும்பி வந்து அதே வாக்குவாதத்தைத் தொடர்வது வெல்ஸின் திட்டம். அதில் பெண்ணின் பக்கம் மட்டும் பாதியில் அறுந்து தொங்குகிறது. இரண்டாம் பாதி இரத்தமில்லாமல் வெறும் சொற்பொழிவாகத் தெரிகிறதென்று விமர்சகர்கள் தலைமுறை தலைமுறையாகக் குறை சொல்கிறார்கள். அந்தக் குறையில் ஒரு பங்கு கத்தரிக்கோலைச் சேரும்.

முழுப் பழியையும் வியாபாரிகள்மேல் போடவும் முடியாது. 2036இல் முன்னேற்றத்தை எதிர்த்துக் கிளர்ச்சி செய்யும் சிற்பி தியோடோகோப்புலஸாக முதலில் நடித்தவர் எர்னஸ்ட் தெசிகர். அது வெல்ஸுக்குத் திருப்தி தரவில்லை. செட்ரிக் ஹார்ட்விக்கை வைத்துத் திரும்ப எடுத்தார்கள். ஆக, ‘அசல்’ என்று ஒன்று தொடக்கத்திலிருந்தே நிலையாக இருந்ததில்லை.

இங்கேதான் இந்தப் படம் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’யிலிருந்து வேறுபடுகிறது. போரம்வுட் ஸ்டூடியோவில் உருவான அந்தப் படத்திலிருந்து 1968இல் முதல் காட்சிகள் முடிந்த கையோடு ஏறத்தாழ 19 நிமிடத்தை வெட்டி எடுத்தவர் அதன் இயக்குநர் குப்ரிக்தான். வெட்டியபின் இருப்பதே அவர் படம். வெட்டுத்துண்டுகள் எங்கேயாவது இருந்தாலும் அவற்றைத் திரும்ப ஒட்டும் உரிமை யாருக்கும் கிடையாது. ‘திங்ஸ் டு கம்’ விஷயத்தில் அப்படி ஒரு கடைசிக் கையெழுத்து இல்லை. வெல்ஸ் ஒன்றை விரும்பினார், மென்ஸீஸ் ஒன்றை எடுத்தார், கோர்டா ஒன்றை விற்றார், விநியோகஸ்தர்கள் ஊருக்கு ஊர் ஒன்றை ஓட்டினார்கள்.

அடுத்தது, பிழைத்த பிரதியின் நிலை. 1950களின் தொடக்கம் வரை தொழிலில் புழங்கிய 35 மி.மீ. சுருள் நைட்ரேட். எளிதில் தீப்பற்றும், காலம் போகப்போகத் தானே இளகிப் பொடியும். ஒரிஜினல் கேமரா நெகடிவ் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்ததாகக் கொள்ளலாம். அது இல்லாதபோது நெகடிவிலிருந்து எடுத்த பாசிடிவ், அதிலிருந்து டூப் நெகடிவ், அதிலிருந்து இன்னொரு பிரிண்ட் என்று வம்சாவளி நீளும். தலைமுறை கூடக் கூட வெளிச்சம் வெளிறும், நிழல் கரிக்கட்டையாகும், சுருளின் மணித்துகளான கிரெயின் தடிக்கும். முந்தைய பிரிண்டில் இருந்த கீறல் அடுத்ததில் படத்தோடு படமாகப் பதிந்துவிடும். அதன்பிறகு அதைத் துடைக்க முடியாது, கணினியில் வரைந்துதான் மறைக்க வேண்டும்.

போதாக்குறைக்குச் சட்டம். அமெரிக்காவில் உரிமை புதுப்பிக்கப்படாமல் போனதால் படம் பொதுச்சொத்தாகிவிட்டது. விஎச்எஸ் காலம் முழுவதும் யார் வேண்டுமானாலும் எந்த மங்கல் பிரதியிலிருந்தும் கேசட் போடலாம் என்ற நிலை. தள்ளுபடிக் கூடைகளில் கிடந்த அந்தக் கேசட்டுகளில்தான் ஒரு தலைமுறை அமெரிக்க ரசிகர்கள் இந்தப் படத்தை அறிந்தார்கள். 1994இல் இயற்றி 1996இல் நடைமுறைக்கு வந்த சட்டம் வெளிநாட்டுப் படைப்புகள் பலவற்றுக்கு உரிமையைத் திருப்பிக் கொடுத்தது. அது செல்லும் என்று 2012இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. பொதுச்சொத்து என்பது கேட்க இனிமையான ஏற்பாடு. ஆனால் உரிமையாளர் இல்லாத படத்துக்குச் செலவழிக்க யாரும் முன்வராததால் அது எந்தக் கதிக்கு ஆளாகும் என்பதற்கு அந்தக் கேசட்டுகளே சாட்சி. மற்றொரு பக்கம், அமெரிக்காவில் சுற்றிய ஒரு பிரதியில் பிரிட்டிஷ் பிரதியில் இல்லாத சில காட்சிகள் தப்பிப் பிழைத்திருந்தன. பிரிட்டிஷ் பிரதியில் இருந்த வேறு சில அதில் இல்லை. கேட்பாரற்றுச் சுற்றியதில் அப்படியும் ஒரு நன்மை.

2007இல் இரண்டு வெளியீடுகள் சில மாத இடைவெளியில் வந்தன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே விவாதம் முழுவதும் விளங்கிவிடும்.

ஒன்று அமெரிக்காவின் லெஜண்ட் ஃபிலிம்ஸ் தந்த வண்ணப் பதிப்பு. பொம்மைகளை ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தி உயிரூட்டிய மேதை ரே ஹாரிஹவுசனின் பெயரும் ஆலோசனையும் அதற்கு வலுச் சேர்த்தன. வசதி இருந்திருந்தால் அந்தக் காலத்துக் கலைஞர்களே வண்ணத்தில் எடுத்திருப்பார்கள் என்பது வண்ணமூட்டலை ஆதரிப்பவர்கள் வழக்கமாக வைக்கும் வாதம். பிரிட்டனில் எடுத்த முதல் முழுநீள டெக்னிகலர் படம் ‘விங்ஸ் ஆஃப் தி மார்னிங்’ வெளிவந்தது 1937இல். அதுவரை அங்கே வண்ணம் கைக்கு எட்டவில்லை என்பது உண்மைதான். ஆனால் எட்டாதது தெரிந்தேதான் மென்ஸீஸும் பெரினாலும் கறுப்பு வெள்ளையில் சிந்தித்தார்கள். 2036இன் நிலத்தடி நகரம் வெண்மைமேல் வெண்மையாக அடுக்கப்பட்டது. ஆழத்தைத் தருவது நிழலின் பல படித்தரங்கள். தோலுக்கு ஒரு நிறம், சுவருக்கு ஒரு நிறம் என்று பூசியதும் அந்தப் படித்தரங்கள் தட்டையாகின்றன. ஹாரிஹவுசன்மேல் எனக்கு உள்ள மரியாதை சிறிதும் குறையாமலே சொல்கிறேன்: அந்தப் பதிப்பு ஒரு ரசிகர் தனக்குப் பிடித்த படத்துக்குச் செய்த மரியாதை, அந்த அளவில் அழகானது. ஆனால் படத்தை மீட்டது என்று அதைச் சொல்ல முடியாது.

நிறத்தின்மேல் எனக்குப் பகை இல்லை. வால் கெஸ்ட் இயக்கிய ‘தி டே தி எர்த் காட் ஃபயர்’ (1961) கறுப்பு வெள்ளைப் படம்தான். அணுகுண்டுச் சோதனைகளால் பூமி சூரியனை நோக்கிச் சரியும் அந்தக் கதையில், வறண்டு எரியும் லண்டனைக் காட்டும் தொடக்கமும் முடிவும் மட்டும் ஆரஞ்சும் மஞ்சளுமாகச் சாயம் ஏற்றப்பட்டவை. கறுப்பு வெள்ளை நெகடிவில் அந்தச் சாயம் இருக்க முடியாது, பிரிண்ட் போடும்போது வருவது. நெகடிவை மட்டும் நம்பி ஸ்கேன் செய்தால் படத்தின் வெயில் காணாமல் போகும். பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் 2014இல் செய்த மீட்டெடுப்பு அந்த வெயிலைத் திரும்பக் கொண்டுவந்தது. படைத்தவர் வைத்த நிறம் அது, பின்னால் வந்தவர் தேர்ந்த நிறம் அல்ல.

2007இன் மற்றொரு வெளியீடு பிரிட்டனின் நெட்வொர்க் நிறுவனத்தினுடையது. 92 நிமிடப் பிரதியைத் துலக்கிக் கொடுத்ததோடு அவர்கள் நிற்கவில்லை. அதே தொகுப்பில் ‘விரிவாக்கிய பதிப்பு’ என்று இன்னொன்றையும் சேர்த்தார்கள். படம் ஓடிக்கொண்டிருக்கும்போது, காட்சி தொலைந்துபோன இடம் வந்தால், அசையும் படம் நின்றுவிடும். படப்பிடிப்பில் எடுத்த புகைப்படங்களும் திரைக்கதையின் அந்தப் பகுதியும் திரையில் வரும். படித்து முடித்தால் படம் விட்ட இடத்திலிருந்து மறுபடி ஓடும். பார்ப்பதற்குச் சுகமான அனுபவம் அல்ல. தாளம் தட்டுத்தடுமாறும், திரையரங்கில் இப்படி ஓட்டினால் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். ஆனால் வட்டுக்கு இது பொருந்துகிறது. வேண்டியவர் முழு ஓட்டத்தைப் பார்க்கலாம், ஓட்டைகள் எங்கே என்று தெரிந்துகொள்ள விரும்புபவர் இதைப் பார்க்கலாம். ரொவேனா முதன்முறையாக இங்கே ஒரு பாத்திரமாக எழுந்து நிற்கிறாள், அசையாத புகைப்படமாகவே என்றாலும்.

நான் நேர்மையான பதில் என்றது இதைத்தான். இல்லாததை இருப்பதுபோல் காட்டவில்லை, இல்லை என்று விட்டுவிடவும் இல்லை. எங்கே, எவ்வளவு, என்ன இல்லை என்று காட்சி வாரியாகக் கணக்குக் காட்டுகிறது.

தொழில்நுட்பத்தின் அன்றாட வேலையிலும் இதே நேர்மைக்குச் சோதனை உண்டு. கண்ணாடிக் கீறலில் தண்ணீர் படிந்தால் கீறல் கண்ணுக்குத் தெரியாமல் போவதுபோல, சுருளைத் தகுந்த திரவத்துக்குள் ஓடவிட்டுப் பிரதியெடுத்தால் அதன் அடித்தளத்துக் கீறல்கள் ஒளியில் பதியாமல் போகும். இது தீங்கில்லாத வேலை. ஆபத்து தானியங்கித் தூசு நீக்கத்தில்தான். மென்பொருள் ஒவ்வொரு ஃபிரேமையும் முன்னதோடும் பின்னதோடும் ஒப்பிடும். ஒரே ஒரு ஃபிரேமில் தோன்றி மறையும் புள்ளி தூசு என்று கணக்கிட்டு அழிக்கும். அமைதியான வரவேற்பறைக் காட்சியில் இது சரி. குண்டுவீச்சுக் காட்சியில்? தெறிக்கும் கல்லும் பொறியும் கண்ணாடிச் சில்லும்கூட ஒரே ஃபிரேமில் தோன்றி மறைபவைதான். கட்டளையைச் சற்று முறுக்கிவிட்டால் எவ்ரிடவுன்மேல் விழும் குண்டு தன் சிதறல்களை இழந்துவிடும். மனிதக் கண் ஒவ்வொரு புள்ளியையும் பார்த்து, இது தூசு, இது சில்லு என்று பிரிக்க வேண்டும். கூலி அதிகம், புகழ் குறைவு, பார்ப்பவருக்குத் தெரியவே தெரியாத உழைப்பு. கிரெயினைத் துடைப்பதும் அப்படியே. முகம் மெழுகாகப் பளபளத்தால் அங்கே படம் போய்விட்டது என்று அர்த்தம்.

தெளிவு கூடும்போது வரும் இன்னொரு சிக்கல் நெட் மானின் தந்திரக் காட்சிகளைத் தொட்டது. தொங்கு மினியேச்சர் என்ற உத்தியில், அரங்கத்தின் கீழ்ப்பகுதியை மட்டும் முழு அளவில் கட்டுவார்கள். மேற்பகுதியைச் சிறு மாதிரியாகச் செய்து கேமராவுக்கு அருகில் தொங்கவிட்டு, இரண்டின் விளிம்பும் லென்ஸின் பார்வையில் ஒன்றாக ஒட்டும்படி நிறுத்துவார்கள். இடையில் எந்த ஒட்டுவேலையும் இல்லாமல் ஒரே நெகடிவில் பிரம்மாண்ட நகரம் பதிந்துவிடும். நல்ல ஸ்கேனில் அந்த விளிம்பு சில இடங்களில் கண்ணில் படும். அதை அழித்துவிடலாம், வசதி இருக்கிறது. அழிக்கக் கூடாது. 1935இல் கையால் செய்த வேலையின் தடம் அது. பார்வையாளர் ஒன்ற வேண்டியது அந்தக் கைத்திறனோடுதான்.

ஒலியைப் பற்றி யாரும் போதுமான அளவு பேசுவதில்லை. பட ஓட்டத்துக்கு இசை போடுவதற்குப் பதிலாக முன்கூட்டியே இசையமைத்து அதற்கேற்பப் படத்தைக் கோக்க வேண்டும் என்பது வெல்ஸின் ஆசை. பிளிஸின் இசை படம் வெளியாகும் முன்பே கச்சேரி மேடை ஏறியது. படத்தைக் கத்தரித்தபோது இசையும் துண்டுபட்டது. இதற்குமேல் வீட்டு வட்டு தன் பங்குக்கு ஒரு தொந்தரவைச் சேர்த்தது. திரையரங்கில் நொடிக்கு 24 ஃபிரேம், பிரிட்டிஷ் தொலைக்காட்சியின் ‘பால்’ (PAL) முறையில் 25. பழைய கேசட்டிலும் டிவிடியிலும் படத்தை அந்த வேகத்துக்கு ஓடவிடுவதே வழக்கம். 92 நிமிடப் படம் அப்படி ஓடினால் 89 நிமிடத்தில் முடிந்துவிடும். சுருதி ஏறத்தாழ முக்கால் அரைச்சுரம் ஏறும். பிளிஸின் கம்பீரமான அணிநடை இசை கொஞ்சம் அவசரப்படும், மாஸியின் கனத்த குரல் கொஞ்சம் மெலியும். ஒரு ஃபிரேம்கூட வெட்டாமல் மூன்று நிமிடம் போய்விட்டதால், எந்தப் பிரதி எவ்வளவு வெட்டுப்பட்டது என்று ஓட்ட நேரத்தை வைத்துக் கணக்கிட்டவர்களுக்கும் குழப்பம். ப்ளூ-ரே நொடிக்கு 24 ஃபிரேமையே தாங்கும் என்பதால் இந்தத் தொந்தரவு ஒழிந்தது. படத்தெளிவைவிட ப்ளூ-ரே செய்த பெரிய உபகாரம் இது என்றே நான் நினைக்கிறேன்.

2013இல் அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவனம் புதிய டிஜிட்டல் மீட்டெடுப்போடு ப்ளூ-ரே வெளியிட்டது. விரிவாக்கப் பாதையில் அவர்கள் போகவில்லை. இருப்பதைச் செம்மையாகத் தந்து, வேறொரு இழப்பின்மேல் கவனத்தைத் திருப்பினார்கள். ஜெர்மனியை விட்டு லண்டன் வந்திருந்த கலைஞர் லாஸ்லோ மொஹோலி-நாஜியிடம், இடிபாட்டிலிருந்து எவ்ரிடவுன் திரும்ப எழும் தொடருக்காகக் கோர்டா வேலை கொடுத்திருந்தார். ஒளியையும் கண்ணாடியையும் வைத்து அவர் எடுத்தவற்றில் மிகப் பெரும்பகுதி படத்தில் சேரவில்லை. கிரைட்டீரியன் வட்டில் அந்தப் பயன்படாத காட்சிகள் இருக்கின்றன. அவற்றைப் பார்த்துவிட்டு, படத்தில் உள்ள இயந்திரங்கள் சுழலும் நீண்ட தொடருக்குத் திரும்பினால், ஏற்காமல் விட்ட ஒரு வேறு எதிர்காலம் பக்கத்திலேயே நிற்பது புரியும். அவற்றைப் படத்துக்குள் செருகாமல் தனியே வைத்தது சரியான முடிவு.

வெல்ஸ் ஃபிரிட்ஸ் லாங்கின் ‘மெட்ரோபொலிஸ்’ படத்தை அடியோடு வெறுத்தவர். 1927இல் அதைக் கிழித்து விமர்சனம் எழுதினார். தன் படக்குழுவுக்கும், லாங் செய்ததற்கு நேர் எதிராகச் செய்யுங்கள் என்று குறிப்பு அனுப்பினார். அந்தப் படமும் இப்படித்தான் வெட்டுப்பட்டு, பல பத்தாண்டுகள் ஓட்டைகளோடு உலவியது. 2008இல் புவனோஸ் ஐரிஸில் ஒரு 16 மி.மீ. பிரதி அகப்பட, தொலைந்ததில் பெரும்பகுதி 2010இல் திரும்பக் கிடைத்தது. கீறல் நிறைந்த அந்தத் துண்டுகளை மற்றப் பகுதியோடு சமமாகப் பளபளக்க வைக்க முயலாமல், வேறுபாடு தெரியும்படியே சேர்த்தார்கள். ‘திங்ஸ் டு கம்’ படத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இன்னும் வாய்க்கவில்லை. 1936இல் வெவ்வேறு நீளங்களில் வெவ்வேறு நாடுகளுக்குப் போன படம் என்பதால் தேடுவதற்கு இடம் இருக்கிறது. தனியார் சேகரிப்புகளிலும், பெயர்ச்சீட்டு கிழிந்த டப்பாக்கள் கிடக்கும் சிறிய காப்பகங்களிலும் தேட வேண்டும். நைட்ரேட்டுக்குக் காத்திருக்கும் பொறுமை கிடையாது என்பதால் சீக்கிரம் தேட வேண்டும்.

நெட்வொர்க் நிறுவனம் 2023இல் மூடப்பட்டுவிட்டது. அந்த விரிவாக்கிய பதிப்பு உள்ள வட்டை இனி அவர்கள் அச்சிடப் போவதில்லை, பழைய வட்டுகள் கைமாறி வந்தால்தான் உண்டு. எந்தப் படத்தை மீட்டார்களோ அதைப் போலவே மீட்டெடுப்பும் இப்போது தேடிப் பாதுகாக்க வேண்டிய பொருளாகிவிட்டது. திரைப்படக் காப்பகங்கள் சுருளைப் பாதுகாக்கும் அதே அக்கறையோடு இத்தகைய வட்டுகளையும் அவற்றுக்குப் பின்னால் உள்ள தரவுகளையும் சேர்த்து வைக்க வேண்டும். ஏனென்றால் நாளை எங்கோ ஒரு டப்பாவிலிருந்து மூன்று நிமிடச் சுருள் ஒன்று வெளிவந்து, அதில் மார்கரெட்டா ஸ்காட் 2036இன் உடையில் நின்றால், அது எந்தக் காட்சி, எந்த வசனத்துக்குப் பின் வர வேண்டியது என்று பார்த்துச் சொல்வதற்கான வரைபடம் அந்த 2007 வட்டில்தான் இருக்கிறது.